கண்ணியின் கழுத்து: ஒரு துணி ஊஞ்சலைப் பழுது பார்த்த பதிவு

துணி ஊஞ்சல் அறுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். உட்கார்ந்து காலைத் தூக்கி உள்ளே போடுவதற்குள் தலைப்பக்கக் கயிறு விட்டுவிட்டது. தரையிலிருந்து முழங்கால் உயரம்தான் என்பதால் முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. ஆனால் அன்று காலை அதே ஊஞ்சலில் அண்ணன் மகள் ஒரு மணி நேரம் படுத்துக் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். அதை நினைத்தபோதுதான் எனக்கு உடம்பு நடுங்கியது. வேறு கயிறு எடுத்து அதே மாதிரி கட்டிவிடலாம், பத்து நிமிட வேலைதான். அப்படிச் செய்யவில்லை. ஏன் அறுந்தது என்று தெரியாமல் மறுபடி தொங்கவிடுவதில்லை என்று முடிவு செய்து, ஊஞ்சலை முழுவதுமாக இறக்கித் திண்ணையில் விரித்தேன்.

அறுந்த முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பத்து மி.மீ. நீலக் கயிறு, மூன்று புரி, பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை. கயிற்றின் நடுவில் எங்கும் பெரிய சேதம் இல்லை. சுவர்க் கொக்கியைச் சுற்றி வளைந்த இடத்தில், சரியாக ஒரு விரற்கடை நீளத்தில் அறுந்திருந்தது. அங்கே மூன்று புரிகளும் தட்டையாக நசுங்கிக் கிடந்தன. கொக்கியைத் தொட்ட உட்பக்கம் மெழுகு உருகி உறைந்தது போல வழவழவென்று இறுகியிருந்தது. வெளிப்பக்க இழைகள் ஆளுக்கொரு நீளத்தில் அறுந்து துடைப்பமாக விரிந்திருந்தன. விரலால் தேய்த்தால் நீலப் பொடி ஒட்டியது.

இந்த ஒரு விரற்கடையில் மூன்று காரணங்கள் இருந்தன. பொடி உதிர்வது வெயிலின் வேலை. பாலிப்ரொப்பிலீனுக்குப் புற ஊதாக் கதிர் ஆகாது; பாதுகாப்புச் சேர்மானம் குறைந்த கயிறாக இருந்தால் மேல் இழைகள் நொறுங்கத் தொடங்கிவிடும். வழவழப்பு உராய்வுச் சூட்டின் வேலை. பாலிப்ரொப்பிலீன் ஏறக்குறைய 165 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். நைலானும் பாலியெஸ்டரும் 200 டிகிரியைத் தாண்டித்தான் உருகும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கயிறு கொக்கியின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கியிருக்கிறது. தட்டையாக நசுங்கியது வளைவின் வேலை. கொக்கிக் கம்பி 6 மி.மீ. கனம்தான், கயிறு அதைவிடப் பருமன். பருமனான கயிற்றை மெல்லிய கம்பியில் மடித்தால் வெளிப்பக்க இழைகள் நீண்டு மொத்தப் பாரத்தையும் தாங்க வேண்டியிருக்கும். உட்பக்க இழைகள் மடங்கிச் சும்மா இருக்கும். பாதிக் கயிறுதான் வேலை செய்யும்.

இவை போதாதென்று, நான் அங்கே போட்டிருந்தது உருவாஞ்சுருக்கு.

தமிழில் இதற்கு நல்ல சொற்கள் இருக்கின்றன, அவற்றைக் கலக்காமல் வைத்துக்கொண்டால் வேலையும் தெளிவாகும். சுருக்கு என்பது இழுக்க இழுக்க இறுகுவது. கண்ணி என்ற சொல்லைப் பறவை பிடிக்கும் பொறிக்கும் சொல்கிறோம், சங்கிலியின் ஒரு வளையத்துக்கும் சொல்கிறோம். இந்தப் பதிவில் கண்ணி என்றால் அளவு மாறாத வளையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமை ஏறினாலும் இறங்கினாலும் அது பெரிதாகாது, சிறிதாகாது. சுருக்கு ஒவ்வொரு முறை இறுகும்போதும் தன்மேல் தானே உரசுகிறது. ஆடுகிற ஒன்றைச் சுருக்கில் தொங்கவிட்டது என் தவறு. அங்கே வேண்டியது கண்ணி.

சாய்வு எவ்வளவு?

கயிற்றைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு கணக்கு. ஊஞ்சலில் 72 கிலோ எடையுள்ள நான் படுத்தால் ஒவ்வொரு பக்கமும் 36 கிலோதானே என்று தோன்றும். அது கயிறு செங்குத்தாகத் தொங்கினால்தான். கயிறு சாய்ந்திருந்தால், எடையில் பாதியைச் சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பால் வகுக்க வேண்டும். தரைக்கு இணையான கோட்டிலிருந்து 45 டிகிரி சாய்வில் ஒரு பக்கத்துக்கு 51 கிலோ. 30 டிகிரியில் 72 கிலோ, அதாவது என் முழு எடையும் இரண்டு பக்கமும் தனித்தனியாக. 15 டிகிரியில் 139 கிலோ.

ஊஞ்சல் நடுவில் தொய்யாமல் இருக்க வேண்டும் என்று நான் நன்றாக இழுத்துக் கட்டியிருந்தேன். சுவரில் கயிறு உரசிய தடத்தை வைத்துப் பழைய சாய்வை அளந்தேன்: 15 டிகிரிக்கும் கொஞ்சம் குறைவு. தொப்பென்று உட்காரும்போது அந்த 139 கிலோ இன்னும் எவ்வளவோ ஏறியிருக்கும். தொய்வாகக் கட்டினால் கயிறு பிழைக்கும். படுப்பதற்கும் அதுதான் சுகம். புது ஊஞ்சலுக்கு 30 டிகிரி என்று முடிவு செய்து, அட்டையில் அந்தக் கோணத்தை வெட்டிச் சுவரில் ஒட்டிவைத்தேன். கயிறு அதற்கு மேல் படுத்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

கயிறு 10 மி.மீ. முப்புரி பாலியெஸ்டர். நைலான் அதைவிட வலுவானதுதான், ஆனால் நன்றாக நீளும்; நனைந்தால் வலுவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். பாலியெஸ்டர் நனைந்தாலும் அப்படியே இருக்கும், வெயிலையும் தாங்கும். இந்தப் பருமனுக்கு அதன் அறுபடு வலு ஒன்றரை டன் அளவில் வரும். 72 கிலோவுக்கு ஒன்றரை டன் எதற்கு என்றால், முடிச்சு, வளைவு, தேய்மானம், உட்காரும் அதிர்ச்சி எல்லாம் ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொள்ளும். மனிதர் படுக்கிற ஒன்றுக்குப் பத்து மடங்கு மிச்சம் வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

முடிச்சா, ஸ்ப்ளைஸா?

மாறாத கண்ணிக்கு எளிய வழி பௌலைன் முடிச்சு. எத்தனை சுமை ஏறினாலும் அதன் பிறகு விரலால் அவிழ்த்துவிடலாம், அதுதான் அதன் அருமை. ஆனால் சுமை இல்லாமல் ஆடிக்கொண்டே இருந்தால், அதிலும் விறைப்பான வழுக்கல் கயிற்றில், தானாகத் தளரும். பாலியெஸ்டர் வழுக்கும். வால் முனையைக் கயிற்றின் பருமனைப் போலப் பன்னிரண்டு மடங்காவது விட்டு, அதை இன்னொரு முடிச்சால் பூட்ட வேண்டும். ‘8’ வடிவ முடிச்சை இரட்டையாகக் கோத்துப் போடும் கண்ணி தளராது, ஆனால் சுமை ஏறிய பிறகு அவிழ்க்கக் குறடு தேவைப்படும். எந்த முடிச்சானாலும் கயிறு தன்மேலேயே குறுகி வளைகிற இடம் ஒன்று உள்ளே இருக்கும். கொக்கியில் நடந்த அதே கதைதான் அங்கும். முடிச்சின் வகையைப் பொறுத்து 60 முதல் 80 சதவீத வலுதான் பொதுவாக மிஞ்சும்.

வருடக்கணக்கில் ஒரே இடத்தில் தொங்கப் போகிற கண்ணிக்கு ஸ்ப்ளைஸ்தான் சரி. கயிற்றின் முனைப் புரிகளைப் பிரித்து, அதே கயிற்றின் உடம்புக்குள் திரும்பக் கோத்து எடுப்பது. அதில் குறுகிய வளைவே கிடையாது. சுமை ஏறும்போது உடம்புப் புரிகள் இறுகி, கோத்த புரிகளைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஒழுங்காகச் செய்தால் கயிற்றின் வலுவில் பத்தில் ஒன்பது பங்கு தங்கும்.

முதல் ஸ்ப்ளைஸ் ஒழுங்காக வரவில்லை. அதையும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தத் தவறு வெளியில் அவ்வளவு எளிதாகத் தெரியாது.

கயிற்றின் பருமனைப் போல 20 மடங்கு, அதாவது 20 செ.மீ. நீளத்துக்கு முனையைப் பிரித்தேன். அதற்கு மேல் பிரியாமல் இருக்க அந்த இடத்தில் நூலால் இறுக்கிச் சுற்றினேன். மூன்று புரி முனைகளையும் மெழுகுவத்தியில் காட்டி உருக்கி, ஆறும் முன் ஈரத் துணியால் உருட்டிக் கூராக்கினேன். சுவர்ப்பக்கக் கண்ணிக்குள் ஒரு திம்பிள் வைத்தேன். நீர்த்துளி வடிவில் வளைத்து, வெளிப்பக்கம் பள்ளம் விட்ட உலோக வளையம் அது. கயிறு பள்ளத்தில் படுத்துக்கொள்ளும், உலோகத்தோடு உலோகம்தான் உரசும். கூடவே வளைவும் அகலமாகிவிடும்.

கோப்பது இப்படி. பிரித்த மூன்று புரிகளில் நடுப்புரியை எடுத்து, கண்ணியின் கழுத்தில், அதாவது வளையத்தின் இரண்டு கால்களும் வந்து சேரும் இடத்தில், உடம்புக் கயிற்றின் ஒரு புரிக்கு அடியில் நுழைத்து இழுக்க வேண்டும். முறுக்கு ஓடும் திசைக்கு எதிராக, வலமிருந்து இடமாக. உடம்பை இரு கையாலும் எதிர்முறுக்குக் கொடுத்தால் புரி விலகி வழி விடும். விலகாவிட்டால் மழுங்கிய மரக் குச்சியால் நெம்பலாம். கூரான இரும்பு கூடாது, இழையை அறுத்துவிடும். அடுத்து இடப்புரி. நடுப்புரி எந்தப் புரிக்கு அடியில் போனதோ அதன் மேலாக ஏறி, அதற்கு இடப்பக்கம் இருக்கும் புரிக்கு அடியில் போக வேண்டும். இதுவரை சுலபம். மூன்றாவதுக்குக் கண்ணியைப் புரட்டிப் போட வேண்டும். உடம்பில் இன்னும் எதுவும் நுழையாத ஒரே ஒரு புரி மிச்சமிருக்கும், அதன் அடியில் இந்தக் கடைசிப் புரி போக வேண்டும்.

அங்கேதான் தவறினேன். புரட்டியதும் திசை குழம்பி, இடமிருந்து வலமாக நுழைத்துவிட்டேன். அதன் பிறகு ஐந்து சுற்றுக் கோத்து முடித்துப் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. கழுத்தை மட்டும் விரலால் உருட்டியபோது ஒரு பக்கம் மேடு தட்டியது. கூர்ந்து பார்த்தால் ஓர் இடுக்கிலிருந்து இரண்டு புரிகள் வெளியே வருகின்றன, ஓர் இடுக்கு காலியாக இருக்கிறது. அப்படியே விட்டிருந்தால் மூன்று புரிகளும் சுமையைச் சமமாகப் பங்கு போட்டிருக்காது. இரண்டு மணி நேர வேலையைப் பிரித்தேன். புரிகள் அதற்குள் அலையலையாகச் சுருண்டு முறுக்கு இழந்திருந்தன. அந்த முனையை வெட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன்.

இரண்டாம் முறை ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். முதல் சுற்று முடிந்ததும் நிறுத்திக் கண்ணியைக் கையில் உருட்டி எண்ண வேண்டும்: மூன்று இடுக்கு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு புரி, மூன்றும் ஒரே உயரத்தில், மூன்றும் ஒரே பக்கம் பார்த்தபடி. இது சரியென்றால் மேற்கொண்டு போகலாம். அதற்குப் பிறகு ஒன்றன் மேல், ஒன்றன் கீழ், ஒன்றன் மேல், ஒன்றன் கீழ், அவ்வளவுதான். ஒவ்வொரு புரியையும் இழுக்கும்போது அதன் சொந்த முறுக்கு அவிழாமல் விரலால் லேசாகத் திருகிக்கொண்டே இழுத்தால் நெருக்கமாக உட்காரும். நார்க் கயிறானால் மூன்று சுற்று போதும், நாரே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். வழுக்கும் செயற்கை இழைக்கு ஐந்துக்குக் குறையக் கூடாது. ஐந்து முடிந்ததும் ஒவ்வொரு புரியிலும் பாதி இழைகளை வெட்டிவிட்டு இன்னும் இரண்டு சுற்று. அப்போதுதான் பருமன் ஒரேயடியாக நிற்காமல் மெல்லக் குறைந்து கயிற்றோடு சேரும். கடைசியில் காலுக்கடியில் போட்டு நன்றாக உருட்டினேன். கையில் எடுத்தபோது கயிறே அப்படி வளர்ந்தது போல இருந்தது. எத்தனையோ பொருள்களைப் பழுது பார்த்திருக்கிறேன். இந்தக் கழுத்தைத் தடவிப் பார்த்த அளவு எதையும் தடவிப் பார்த்ததில்லை.

தூண் பக்கம்

கால்பக்கம் 12 செ.மீ. விட்டமுள்ள மரத்தூண். கண்ணியைத் தூணின் தலை வழியாகவே மாட்டிவிடலாம். கயிறு மிச்சப்படுத்தலாமென்று முதலில், தட்டையாகப் பிடித்தால் 22 செ.மீ. நீளம் வரும் கண்ணி போதும் என்று நினைத்தேன். தூணைச் சுற்றித் தாராளமாகவே வரும். கட்டிப் பார்த்தபோது கழுத்தில் இரண்டு கால்களும் அகல விரிந்து நின்றன. காகிதத்தில் தடம் எடுத்து அளந்தால் 65 டிகிரிக்குப் பக்கம். ஒரு ஸ்ப்ளைஸ் நீளவாக்கில் இழுத்தால் இறுகும். கால்களைப் பிடித்து இரு பக்கமும் விரித்தால் முதல் சுற்று வாய் பிளக்கத் தொடங்கும். கண்ணி எவ்வளவு நீளமோ அவ்வளவுக்குக் கழுத்துக் கோணம் குறையும். மாட்டுகிற பொருளின் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது கண்ணி நீளம் இருக்க வேண்டும் என்பது கயிற்று வேலையில் வழங்கும் அளவு. ஐந்து மடங்கானால் இன்னும் நல்லது. 36 செ.மீ. போட்டேன். கோணம் 27 டிகிரியில் நின்றது.

கண்ணி என்றதும் எல்லோரும் வளையத்தைத்தான் பார்க்கிறோம், போதுமான அளவு பெரிதா என்று. வளையம் அறுவது அபூர்வம். அது வளைகிற தலையிலும், இரண்டு கால்கள் சேருகிற கழுத்திலும்தான் சாகும். இது கயிற்றோடு நிற்கவில்லை. அடுத்த நாள் துணியிலும் இதையேதான் பார்த்தேன்.

துணியில் கண்ணி

ஊஞ்சல் துணியின் இரண்டு ஓரங்களிலும் தலா 12 பட்டைக் கண்ணிகள், அவற்றின் வழியே போகும் சன்னக் கயிறுகள் ஓர் இரும்பு வளையத்தில் சேரும். விழுந்த வேகத்தில் ஒரு பட்டை முழுசாகப் பிய்ந்திருந்தது, பக்கத்தில் இரண்டு பாதி பிய்ந்திருந்தன. பட்டைகள் புதுசு போலவே இருந்தன. தையல்தான் போயிருந்தது.

அதே இடத்தில் வலுவான நூலால் மறுபடி தைக்கத் தொடங்கினேன். அம்மா வந்து கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள்.

“எந்தப் பக்கம்டா இழுக்கும்?”

காட்டினேன்.

“அப்போ நீ தைக்கிறது உரிக்கிற பக்கம். தையல இழுக்க விடணும், உரிக்க விடக் கூடாது.”

அம்மா சொன்னதைப் புரிந்துகொள்ள ஒட்டுப்பட்டையை எடுத்துப் பார்த்தால் போதும். செருப்பிலும் பையிலும் வரும் வெல்க்ரோ. அதன் ஒரு முகம் முழுக்கக் குட்டிக் கொக்கிகள், மறு முகம் முழுக்க நூல் கண்ணிகள். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் 1941-இல் வேட்டைக்குப் போய் வந்தபோது தன் துணியிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டிய முட்காய்களைப் பார்த்து யோசித்தது. இரண்டு முகங்களையும் ஒட்டி, தளத்தோடு சேர்த்துப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள், நகராது. அத்தனை கண்ணிகளும் ஒன்றாகத் தாங்குகின்றன. ஒரு மூலையைப் பிடித்து உரியுங்கள், சுலபமாக வந்துவிடும். ஓரத்து ஒரு வரிசை மட்டும் ஒவ்வொரு கணமும் தனியாகப் போராடுகிறது. தையலும் அதேதான். பழைய பட்டைகளின் இரண்டு கால்களும் துணியின் ஒரே முகத்தில் ஒட்டித் தைக்கப்பட்டிருந்தன. சுமை வரும்போது பட்டை துணியிலிருந்து விலகி நிமிர்ந்து, முதல் தையலிலிருந்து வரிசையாக உரித்திருக்கிறது.

அதனால் 24 கண்ணிகளையும் பிரித்துவிட்டோம். 2 செ.மீ. அகல பாலியெஸ்டர் பட்டையைத் துண்டு போட்டு, மடித்து, ஒரு கால் துணியின் முன்பக்கம், ஒரு கால் பின்பக்கம், நடுவில் மடித்த துணி ஓரம் என்று வைத்தோம். அப்படி வைத்தால் இழுப்பு துணியின் தளத்திலேயே நேராகப் போகும், உரிக்க இடமே இல்லை. ஒவ்வொரு காலும் துணியின் மேல் 4 செ.மீ. நீளம் படிகிறது. அதில் ஒரு செவ்வகம், உள்ளே பெருக்கல் குறி. பாலியெஸ்டர் நூல், 16-ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் 3 மி.மீ. பொடித் தையல்தான் பலம் என்று நினைத்திருந்தேன். நெருக்கமாகக் குத்தினால் துணியில் தபால்தலை ஓரம் மாதிரி ஓட்டை வரிசை விழுந்து, அந்தக் கோட்டிலேயே கிழியும் என்று அம்மா நிறுத்தினாள்.

இன்னொன்று, கண்ணிகள் எல்லாம் ஒரே நீளமாக இருக்க வேண்டும். பலகையில் இரண்டு ஆணி அடித்து, ஒவ்வொரு கண்ணியையும் அதில் மாட்டி அளந்துதான் தைத்தோம். பன்னிரண்டில் ஒன்று அரை செ.மீ. குட்டையாக இருந்தாலும் மற்றவை இறுகும் முன் அது ஒண்டியாகச் சுமக்கும். முதலில் பிய்ந்த பழைய பட்டையைப் பக்கத்துப் பட்டையோடு வைத்து அளந்தேன். அதுதான் வரிசையிலேயே குட்டை.

தையல் மிஷின் வெளியே வந்ததும் வீட்டில் தள்ளிப்போட்ட துணிகளெல்லாம் வரிசையில் வந்து நின்றன. டர்க்கி துண்டில் இழை இழுபட்டுத் தொங்கினால் வெட்டிவிடுங்கள், இழுக்காதீர்கள்; அடித்துணியின் பாவு (நீளவாக்கில் ஓடும் இழை) இறுக்கமானது, கண்ணி போடும் பாவு தனியாகத் தளர்ந்து ஓடுவது. இழுத்தால் பக்கத்துக் கண்ணிகள் எல்லாம் அதனோடு வந்துவிடும், வெட்டினால் ஒன்றோடு போயிற்று. துண்டை மாட்டும் நாடாவை ஓரத் தையலுக்குள் இரண்டு முனைகளும் உள்ளே போகும்படி வைத்தேன், ஊஞ்சலில் செய்த மாதிரியே.

கம்பளிச் சட்டை ஒன்றில் மட்டும் கொஞ்சம் நேரம் உட்கார்ந்தேன். மார்புப் பக்கம் ஒரு கண்ணி நழுவி, ஏணி போல ஒன்பது படி கீழே ஓடியிருந்தது. பின்னல் துணியில் முடிச்சே கிடையாது. ஒவ்வொரு கண்ணியையும் அதன் வழியே நுழைந்த மேல் கண்ணிதான் பிடித்திருக்கிறது. மேலே உள்ளது நழுவினால் கீழே உள்ளதைத் தாங்க ஆளில்லை. அந்தத் தளர்வால்தான் பின்னல் துணி அத்தனை நீள்கிறது: இழுத்தால் நூல் நீள்வதில்லை, கண்ணிகள் வடிவம் மாறிக் கொடுக்கின்றன. குரோஷே ஊசியைக் கீழே தொங்கிய கண்ணிக்குள் விட்டு, அதற்கு மேல் குறுக்கே கிடந்த படிநூலைக் கொக்கியில் மாட்டி, கண்ணி வழியே இழுத்தால் ஒரு படி ஏறிவிடும். ஒன்பது முறை. மேலே வந்ததும் ஒரு துண்டு நூலால் பக்கத்துக் கண்ணிகளோடு கட்டிவைத்தேன். ஊசியின் கொக்கி ஒவ்வொரு முறையும் பழைய கண்ணியில் சிக்காமல் இருக்க விரலால் மூடிக்கொடுக்க வேண்டியிருந்தது. பின்னல் இயந்திரத்தில் அந்த விரலின் வேலையை ஊசியில் கீல் வைத்த ஒரு சிறு நாக்கு செய்கிறது: நூலைப் பிடித்ததும் பழைய கண்ணி அந்த நாக்கைத் தள்ளிக் கொக்கியை மூடிவிட்டுத் தானே மேலே கழன்றுபோகும். 1589-இல் வில்லியம் லீ உண்டாக்கிய முதல் பின்னல் சட்டத்தில் இந்த நாக்கு இல்லை. 1847-இல் மேத்யூ டவுன்செண்ட் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய ஊசிக்குப் பிறகுதான் அது பழக்கத்துக்கு வந்தது. படிநூல் கண்ணியாக மாறி மேலே ஏறும் அந்த ஒரு கணத்தைப் பார்க்க எனக்கு ஒன்பது முறையும் ஆசையாக இருந்தது.

உயரம் மாற்ற ஒரு பிடிகண்ணி

ஊஞ்சலுக்குத் திரும்புகிறேன். இரண்டு முனையும் ஸ்ப்ளைஸ் ஆனதால் நீளத்தை இனி மாற்ற முடியாது. 30 டிகிரி சாய்வைச் சரி செய்ய ஏதாவது வேண்டும். ஆஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக் 1931-இல் விளக்கிய பிடிமுடிச்சை எடுத்துக்கொண்டேன். சன்னக் கயிற்றின் இரு முனையையும் இணைத்து ஒரு வட்டக் கண்ணியாக்கி, அதைப் பருமனான கயிற்றின் மேல் மூன்று முறை தன் வழியாகவே சுற்றி இழுத்தால் போதும். சுமை இல்லாதபோது கையால் மேலும் கீழும் தள்ளலாம், சுமை வந்தால் கவ்விப் பிடிக்கும். சுற்றும் கயிறு சன்னமாக இருந்தால்தான் கவ்வும். ஒரே பருமனில் போட்டால் வழுக்கும். 10 மி.மீ. மேல் 6 மி.மீ. போட்டேன், பிடித்தது. சுற்றுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும், இதில் மட்டும் அவசரப்படக் கூடாது.

ஆள் படுத்திருக்கும்போது அதைத் தள்ளி இறக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். சுமையோடு வழுக்கினால் சூடு முழுவதும் அந்தச் சன்னக் கயிற்றின் ஒரே இடத்தில் விழும், பழைய கொக்கியில் நடந்தது மறுபடி நடக்கும்.

சோதனை

பழைய 6 மி.மீ. கொக்கியைக் கழற்றி, 12 மி.மீ. கனமுள்ள வளையம் பூட்டினேன். தூணில் கயிறு படும் இடத்துக்குத் தோல் பட்டை சுற்றினேன். மனிதர் ஏறும் முன், 20 லிட்டர் கேன்கள் ஐந்தில் தண்ணீர் நிரப்பி ஊஞ்சலில் அடுக்கினேன், 100 கிலோ. 30 டிகிரி சாய்வில் ஒவ்வொரு கழுத்துக்கும் 100 கிலோ இழுப்பு. அதற்கு முன் ஒவ்வொரு ஸ்ப்ளைஸின் முதல் கோப்பிலும் புரியையும் உடம்பையும் சேர்த்து ஒரு சிவப்பு நூலைக் குறுக்கே ஓட்டி, நேர்க்கோடாக ஒரு குறி வைத்திருந்தேன். புரி நகர்ந்தால் கோடு உடையும்.

மறுநாள் காலை பார்த்தால் சுவர்ப்பக்கம் 3 மி.மீ., தூண்பக்கம் 2 மி.மீ. நகர்ந்திருந்தது. புது ஸ்ப்ளைஸ் முதல் சுமையில் படிந்து உட்காரும்போது இவ்வளவு நகரும் என்று எதிர்பார்த்திருந்தேன். தொடர்ந்து நகருகிறதா என்பதுதான் கேள்வி. கேன்களை இறக்கி, மறுபடி ஏற்றி, இன்னும் இரண்டு இரவு விட்டேன். அதே 3, அதே 2.

நான்காம் நாள் நான் படுத்தேன். அதற்கடுத்த நாள்தான் அண்ணன் மகளை விட்டேன். ஏறுவதற்கு முன் சிவப்பு நூலை அவளையே பார்க்கச் சொன்னேன். “கோடு எவ்வளவு நகர்ந்தா ஏறக் கூடாது சித்தப்பா?” என்று கேட்டாள். 5 மி.மீ. என்று சொல்லி, அந்த அளவுக்கு ஒரு பச்சை நூலைப் பக்கத்தில் தைத்துக் கொடுத்திருக்கிறேன். சிவப்பு பச்சையைத் தொட்டால் ஊஞ்சலை இறக்கிவிட்டு என்னைக் கூப்பிட வேண்டும்.